கண்டாக்கையா குடிக்கிறாராம்

நனைந்த போர்வையின் ஒரு முனையை மீனம்மா பிடித்திருந்தாள், மறுமுனையைத் தெரேசா. எதிரெதிராக நின்று முறுக்கிப் பிழியும்போதுதான் மீனம்மா அதைச் சொன்னாள்.

“அம்மா, கோவிச்சுக்காதீங்க. மலையில ஒரு பேச்சு அடிபடுது. ஐயா குடிக்கிறாராம்.”

தெரேசாவின் கையிலிருந்த முனை நழுவிச் சேற்றில் விழுந்தது.

“யாரு சொன்னா?”

“யாருன்னு சொல்றது? எல்லாருந்தான். நேத்து பெரட்டுல பேர் கூப்புடுறப்ப நெலையா நிக்க முடியல அவருக்கு. செவத்தப் புடிச்சுக்கிட்டே கூப்புட்டாரு. கூப்புட்ட பேரையே திரும்பக் கூப்புட்டாரு. பொம்பளைங்க எல்லாம் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குதுங்க. எனக்கு மனசு கேக்கல.”

மீனம்மா மேல்மலையில் கொழுந்து பறிப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் குவார்ட்டர்ஸுக்கு வந்து துணி துவைக்கத் துணை நிற்பாள். புறம் பேசுகிறவள் இல்லை. அவள் சொன்னால் சும்மா இருக்காது.

தெரேசாவின் கணவர் றோலண்ட், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கண்டாக்கு. காலையில் பெரட்டில் ஆள் பிரித்து, எந்த மலையில் யார் என்று அனுப்பி, நாள் முழுவதும் ஏறி இறங்கி வேலை பார்க்கிறவர். கிறிஸ்மஸ் கேக்கில் ஊற்றும் பிராந்தி வாசத்துக்கே முகம் சுளிப்பார். அந்த மனுசனா குடிக்கிறார்?

ஆனால் தெரேசாவால் ‘இல்லை’ என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. கதவு நிலையில் அவர் இடித்துக்கொண்டதை அவளும் பார்த்திருந்தாள். தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைப்பதாக நினைத்து மேசைக்கு வெளியே வைத்தார். அது உடைந்தபோது, “ரெண்டு மேச தெரியுது” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

அன்று அவர் குளிக்கப் போனதும் அலுமாரி, மோட்டர் சைக்கிள் பெட்டி, விறகுக் கொட்டில் எல்லாவற்றையும் துழாவினாள். ஒரு போத்தலும் இல்லை. வெளியே வந்தவரின் முகத்துக்கருகில் போய் நின்றாள். சாராய வாடை இல்லை. ஏதோ புளித்த வாடை மட்டும் அடித்தது.

“என்னா மோந்து பாக்குற?” என்றார்.

“ஒண்ணுமில்லங்க. மறுபடி வாந்தியா?”

“இல்ல.”

அது பொய் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவள் கேட்பதும் அவர் இல்லை என்பதும் பழகிப்போயிருந்தது. கேட்டுவிட்டோம் என்ற சின்ன ஆறுதலோடு அவளும் விட்டுவிடுவாள்.

இதெல்லாம் தொடங்கியது ஒப்பரேஷனுக்குப் பிறகுதான். தோட்டத்தில் அவரைப்போலக் கனத்த உடம்பு வேறு யாருக்கும் கிடையாது. சீனி வியாதி ஏறிக்கொண்டே போனது. தூங்கும்போது குறட்டை திடீரென்று நின்று, மூச்சும் நின்று, பிறகு ‘ஹக்’ என்று திரும்ப வரும். பக்கத்தில் படுத்திருக்கும் தெரேசா அந்த மூச்சு வரும்வரை தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு கிடப்பாள். கொழும்பில் இருந்த சித்தி மகள் ஒருத்திதான் அந்த ஒப்பரேஷனைப் பற்றிச் சொன்னாள். இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை ஒரு குழாய்போல ஆக்கிவிடுவார்களாம். கொஞ்சம் சாப்பிட்டாலே போதும் என்றாகிவிடுமாம். தெரேசா அன்றிலிருந்து அவரை விடவில்லை. கெஞ்சினாள், அழுதாள், சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துச் சண்டை பிடித்தாள். கடைசியில் ஒருநாள் அவர், “சரி, போவம்” என்றார். ஒரே ஒரு நிபந்தனை.

“ஹேர்னியான்னுதான் சொல்லணும். வாயக் கட்டத் தெரியாம வயித்த வெட்டிக்கிட்டான்னு தோட்டமே சிரிக்கும். கண்டியில படிக்கிற புள்ளைக்குக்கூடத் தெரியக் கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணு.”

பண்ணினாள்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சீனிக் குளிசையை நிறுத்தினார்கள். குறட்டை போனது. காற்சட்டைகளைத் தெரேசா பிடித்துத் தைத்தாள், பிறகு திரும்பவும் பிடித்துத் தைத்தாள். அப்புறம் வாந்தி வர ஆரம்பித்தது. ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்று கொழும்பில் முன்பே சொல்லி அனுப்பியிருந்ததால் இருவரும் பயப்படவில்லை. சோறு தங்கவில்லை, கஞ்சி கொடுத்தாள். கஞ்சியும் தங்கவில்லை, தண்ணீராகக் கரைத்துக் கொடுத்தாள். விட்டமின் குளிசைகள் தொண்டையில் நிற்கின்றன என்று அவர் ஒதுக்கி வைத்துவிட்டார். கிளினிக்கிலிருந்து போன் வந்தபோது, “பஸ்ஸுல வாந்தியெடுத்துக்கிட்டு கொழும்பு வரைக்கும் போகவா? அடுத்த மாசம் பாப்பம்” என்றார். அவளும், சரி, அடுத்த மாதம் என்று இருந்துவிட்டாள்.

மீனம்மா சொன்ன மறுநாளிலிருந்து அவள் அவரைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். பெரட்டுக்குப் புறப்பட்டவர் வாசலில் நின்று, “இன்னைக்கு பூசைக்குப் போகலியா?” என்று கேட்டார்.

“இன்னைக்குச் செவ்வாய்க்கெழமைங்க.”

“ஆமா. செவ்வாய்,” என்று தலையாட்டிவிட்டு, சற்றுப் பொறுத்து அதையே மறுபடி கேட்டார். காலை அகல அகல வைத்து, படகில் நடப்பவர்போலப் படியிறங்கினார்.

“இன்னைக்கு வேலைக்குப் போக வேணாங்க. நான் கொழும்புக்குப் போன் பண்றேன்.”

“போன் பண்ணா ஒபிஸ் வரைக்கும் தெரிஞ்சிரும். பேசாம இரு,” என்று கையை உதறிக்கொண்டு போய்விட்டார். தெரேசா போனை எடுத்தாள். கிளினிக் நம்பரைத் தேடி அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

முற்பகலில் கொழுந்து லொறி குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. லொறி ஓட்டுகிற சுதாகரன் இறங்கி வந்தான். கண்ணைப் பார்க்காமல் பேசினான்.

“அம்மா, ஐயா மலையில தண்ணி ஓடுற கான்ல விழுந்துட்டாரு. பின்னால படுக்க வச்சிருக்கோம். ஏறுங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிருவம்.”

கொழுந்துச் சாக்குகளின் மேல் றோலண்ட் படுத்திருந்தார். நெற்றியில் சிராய்ப்பு. கண்கள் இரண்டும் ஓரிடத்தில் நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தன. அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். எத்தனை லேசாக இருந்தது அந்தத் தலை! ‘ஆண்டவரே, இவரு மூச்சு நிக்குதுன்னு பயந்துதானே கூட்டிக்கிட்டுப் போனேன்’ என்று வழி முழுக்க உள்ளுக்குள் புலம்பிக்கொண்டே போனாள்.

சிறிய ஆஸ்பத்திரி. வாட்டில் கட்டிலுக்குக் கட்டில் திரை கிடையாது. லொறியில் கூட வந்தவர்கள் வாசலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள் போல. இளவயது டொக்டர் வந்ததுமே சிங்களத்தில் அவளிடம், “எவ்வளவு காலமாகக் குடிக்கிறார்?” என்று கேட்டார்.

“குடிக்கிறதில்லை, சேர்,” என்றாள் அவளும் சிங்களத்தில்.

டொக்டர் நம்பவில்லை. மனைவிமார் அப்படித்தான் சொல்வார்கள் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. காயத்துக்கு மருந்து போடச் சொன்னார். “தூங்கட்டும். தெளிந்ததும் பேசலாம்,” என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

றோலண்டின் கை அவள் கையைத் தேடிப் பிடித்தது. இன்று என்ன கிழமை என்று தெரியாத மனுசன், மனைவியைத் தன் தங்கச்சியின் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த மனுசன், அதை மட்டும் மறக்கவில்லை.

“ஹேர்னியான்னு சொல்லு,” என்றார். “ஹேர்னியா.”

தெரேசா சுற்றிலும் பார்த்தாள். கால்மாட்டில் சுதாகரன் நின்றான். அடுத்த கட்டிலில் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். இங்கே வாய் திறந்தால் நாளைக்கு எல்லா லயத்து வீடுகளிலும் அதுதான் பேச்சு. செய்தது மாதா மேல் சத்தியம். ஆனால் தூங்கட்டும் என்கிறார்களே, தூங்கி எழும்பாமல் போனால்?

அவள் கையை உருவிக்கொண்டு எழுந்தாள்.

“சேர்!” குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. “இவர் குடிக்கிறதில்லை. இவருக்கு இரைப்பையை வெட்டி எடுத்திருக்கு. உடம்பு குறைக்கிறதுக்குச் செய்யிற ஒப்பரேஷன். அதுக்குப் பிறகு சாப்பாடு தங்குறதே இல்லை. வாரக்கணக்கா வாந்தி. வந்து பாருங்க!”

அவளே போய் அவர் சட்டையை உயர்த்தினாள். வயிற்றில் சின்னச் சின்னத் தழும்புகள். றோலண்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

டொக்டர் திரும்பி வந்தார். இப்போது அவர் நடையே வேறு. தழும்புகளைத் தொட்டுப் பார்த்தார். விரலை றோலண்டின் கண்முன் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்தார். “விட்டமின் எடுத்தாரா?” என்றார். “இல்லை,” என்று அவள் சொன்னதும் நர்ஸைக் கூப்பிட்ட வேகத்தில் வாட்டே திரும்பிப் பார்த்தது. ஊசி வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பேசினார். அம்புலன்ஸ் ஏறும்போதுதான் அவளுக்கு விளக்கம் கிடைத்தது. உடம்பில் கொஞ்சமே சேமிப்பில் இருக்கிற ஒரு விட்டமினாம். வாந்தியெடுத்தே அது தீர்ந்துபோயிருக்கிறது. அது இல்லாவிட்டால் மூளையும் நரம்பும் கெட்டுப்போகுமாம்.

“சரியாயிருமா சேர்?”

“இப்பவாவது சொன்னீங்களே,” என்றார் டொக்டர். சரியாகிவிடும் என்று அவர் சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவள் அந்தப் பதிலையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊசி ஏற ஏறக் கண்கள் முதலில் நிலைக்கு வந்தன. “ஒரே தெரேசாதான் இருக்கா,” என்று அவர் சொன்ன அன்று அவள் வாட்டுக்கு வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள். புத்தி மெதுவாகத் தெளிந்தது. வாந்திக்குக் காரணம் இரைப்பைக் குழாய் ஓரிடத்தில் ஒடுங்கியிருந்ததுதான் என்று கண்டுபிடித்து, தொண்டை வழியாகக் கருவி விட்டு அதையும் விரித்துவிட்டார்கள். கால்தான் சண்டித்தனம் செய்தது. வீட்டுக்கு வரும்போது ஊன்றுகோலோடு வந்தார். கானில் விழுந்ததோ, லொறியோ, ஆஸ்பத்திரியில் நடந்ததோ எதுவும் அவருக்கு ஞாபகமில்லை. அந்த வாரங்களே அவரிடம் இல்லை.

ஆனால் தோட்டத்துக்கு எல்லாம் தெரிந்திருந்தது. “வயித்த வெட்டிக்கிட்ட கண்டாக்கு” என்று பையன்கள் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. அவர் தெரேசாவிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். கேட்டதற்குத் தலையாட்டுவார், அவ்வளவுதான். கண்டியிலிருந்து ஓடி வந்த மகள், “அப்பா, இதுல என்னா வெக்கம் இருக்கு?” என்று கேட்டுப் பார்த்தாள். அவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். தோட்டத்துத் துரை நல்ல மனுசன். மலை ஏற வேண்டாம் என்று தேயிலை ஸ்டோரில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் போட்டார். றோலண்ட் போனார், வந்தார், பேசவில்லை.

தெரேசா தன் சாப்பாட்டை அடுப்படியில் நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொள்வாள். அவர் முன்னால் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட அவளுக்குக் கூசியது. அன்று மத்தியானம் அவர் மேசையில் உட்கார்ந்து பருப்புக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாகக் குடித்துக்கொண்டிருந்தார். அவள் அடுப்படி வாசலில் நின்று, ஒவ்வொரு கரண்டியும் உள்ளே இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னாத்துக்கு நின்னு பாக்குற?” என்றார். பல நாளைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முழு வசனம்.

அவளுக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. “ஆஸ்பத்திரியில சொன்னதுக்கு நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன். திரும்ப அப்புடி வந்தாலும் சொல்லுவேன். ஆனா ஒங்கள இழுத்துக்கிட்டுப் போயி வெட்ட வச்சது நான்தானே. அதுக்கு நான் எங்க போயி அழுவேன்?”

றோலண்ட் கரண்டியை வைத்தார்.

“நீ இழுத்து நான் வந்தேன்னா நெனச்ச?”

“பின்ன?”

“மண்சரிவு வரும்னு அறிவிச்ச அன்னைக்கு, மேல்மலையில இருந்த பொம்பளைங்கள எறங்கச் சொல்ல நான்தான் ஏறினேன். பாதியில மூச்சு முட்டிக் கல்லுல உக்காந்துட்டேன். கத்தவும் முடியல. மண்ணு சரியிற சத்தத்தக் கேட்டு அவங்களாவே எறங்கி வந்தாங்க. மீனம்மாதான் என்னக் கையப் புடிச்சுத் தூக்கி விட்டா. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா நான் உக்காந்திருந்தேன், தெரேசா.” கஞ்சித் தட்டைத் தள்ளி வைத்தார். “அடுத்த நாள்தான் சரி போவம்னேன். நீ அழுததாலன்னு நெனச்சுக்கிட்ட.”

அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“இப்ப வருத்தமா இருக்கா?” என்று கேட்டாள். கேட்க இத்தனை நாளாகப் பயந்த கேள்வி.

“இருக்கு. ஸ்டோர்ல பையனுங்க ரொட்டியும் சம்பலும் பிச்சுச் சாப்புடுறப்ப இருக்கு. காலு மரத்துப்போறப்ப ரொம்ப இருக்கு. காலையில மூச்சு முட்டாம எந்திரிக்கிறப்ப இல்ல. அப்புடியும் இப்புடியுமாத்தான் கெடக்கு.” பிறகு எரிச்சலோடு, “ஏன் அடுப்படியில நின்னுக்கிட்டுத் திங்கிற? நான் என்னா, பறிச்சுக்கவா போறேன்? தட்ட எடுத்துக்கிட்டு வா,” என்றார்.

அவள் போய்த் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் இருமினார். அவள் பாதி எழுந்துவிட்டாள். ஒன்றுமில்லை என்று அவர் கையைக் காட்ட, திரும்பவும் உட்கார்ந்தாள்.

“காலையில ஒரு தடவ வாந்தி வந்துச்சு,” என்றார் றோலண்ட், அவள் கேட்காமலே. “கொஞ்சந்தான். நேத்து வரல.”

“வெள்ளிக்கெழம ஊசி போடப் போறப்ப டொக்டர்கிட்ட சொல்லுவம்,” என்றாள் அவள்.

“சொல்லு,” என்றார் அவர்.