பூவரசு நிழலில் உட்கார்ந்து அளந்தவர்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. கால் வலிக்கிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். காலில் சேறு படக்கூடாது என்பதற்காக ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போடப் பார்த்த ஒரு நிபுணரின் கதை இது. கேட்டுவிட்டுப் போய்ப் படுங்கள், நிம்மதியாகத் தூக்கம் வரும்.

எங்கள் ஊர் நன்னிலத்துக்குத் தெற்கே. குத்தகைக்காரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றவேண்டும் என்று சட்டம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. மிராசுதார் காயாரோகணம் ஆட்சி மாறிய மறுவாரமே வேட்டியின் கரையை மாற்றிக்கொண்டவர். வேட்டிக்குள்ளே இருந்தவர் மட்டும் பழையவர்தான்.

அவருடைய பத்து மா நிலத்தை இருபது வருடமாகக் குத்தகைக்கு உழுதவர் இளையபெருமாள். பெயர் பதிவாகிவிட்டதால் அவரைச் சும்மா வெளியேற்ற முடியவில்லை. மிராசுதார் காரணம் தேடினார். வயலில் நின்ற பம்புசெட்டு மோட்டாரில் அது கிடைத்தது. மோட்டார் அவருடையது. முந்தைய கோடையில் அது எரிந்துபோனபோது இளையபெருமாள்தான் டவுனுக்குக் கொண்டுபோய், உள்ளே இருக்கும் கம்பிச் சுற்றை, அதாவது காயிலை, புதிதாகக் கட்டி வந்திருந்தார். ‘செம்புக் கம்பியை உருவி விற்றுவிட்டு அலுமினியக் கம்பியைச் சுற்றிவிட்டான், என் சொத்தை அழித்தவனுக்கு என் நிலத்தில் என்ன உரிமை’ என்று தாலுகா ஆபீசில் மனுப் போட்டார். இரண்டு கம்பிக்கும் மேலே பூசிய வார்னிஷ் ஒரே நிறம். கண்ணால் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

சொல்வதற்கென்று மாயவரத்திலிருந்து நடராசன் என்ற நிபுணரைக் காரில் வரவழைத்தார். வெள்ளைப் பேண்ட், பாலிஷ் போட்ட ஷூ. கரையில் பூவரச மரம். மரத்துக்கும் மோட்டார் கொட்டகைக்கும் நடுவில் இருபத்தைந்தடி சேறு. நிபுணர் சேற்றைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், நிழலிலேயே உட்கார்ந்துவிட்டார். மீட்டரில் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து வைத்தார். அப்புறம் அதில் மெல்லிசான நீள ஒயரை மாட்டி, முனைகளை மோட்டாரில் பிடிக்கும்படி வேறு யாரிடமும் சொல்லவில்லை, இளையபெருமாளிடமே சொன்னார்.

"நல்லா அழுத்திப் புடிப்பா."

தன் கழுத்துக்குத்தான் கயிறு என்று தெரியாமல் அந்த மனுஷனும் நன்றாக அழுத்திப் பிடித்தார்.

அறிக்கை மூன்றே வரி. கம்பெனிப் புத்தகப்படி செம்புச் சுற்றின் தடை முக்கால் ஓம். அளந்ததில் வந்தது ஒன்றேகால் ஓம். அலுமினியத்துக்குத் தடை அதிகம், ஆகவே அலுமினியம். கையெழுத்துப் போட்டார், இரண்டு இளநீர் குடித்தார், கிளம்பினார். தாசில்தார் ஸ்தல விசாரணைக்குத் தேதி குறித்தார்.

மாதா கோயில் தெருவில் ரவிக்கை தைப்பவள் விண்ணரசி. பழைய ரேடியோவைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தவளுக்கு, மின்சாரம் எதில் எவ்வளவு தடைபடுகிறது என்று அளப்பதே பைத்தியமாகிவிட்டது. தையல் ஊசி, அரிவாள், கொலுசு என்று அகப்பட்டதையெல்லாம் அளந்து நோட்டில் குறித்துவைப்பாள். ‘ஊசிக்கு நாடி பாக்குறா’ என்று ஊரே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

இளையபெருமாளின் மனைவி எல்லையம்மாள் அறிக்கையின் நகலை அவளிடம் கொண்டுபோனாள். விண்ணரசி இரண்டு தடவை படித்தாள்.

"ஏக்கா, அந்த சார் எங்க உக்காந்து அளந்தாரு?"

"பூவரசு நெழல்லதான். அவரு கால் கழுவுனா காவேரி வத்திடுமில்ல."

"ஒயரு நீளமா?"

"ஊர்த் துணி பூரா காயப்போடலாம்."

விண்ணரசி கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்திவைத்தாள். "மோட்டாரோட சேத்து அவரு ஒயரையும் அளந்திருக்காருக்கா."

விசாரணை நாளன்று அவள் ஒரு கார் பேட்டரி, ஹெட்லைட் பல்பு, ஒயர்கள், செம்புக் கம்பி சுற்றிய ஒரு நூல்கட்டை எல்லாவற்றையும் கொண்டுவந்து கரையில் வைத்தாள்.

"தையல்காரம்மாவுக்கு இங்க என்ன வேலை? மோட்டாருக்கு ரவிக்கை தைக்கவா?" என்றார் நடராசன். மிராசுதார் பெரிதாகச் சிரித்தார்.

"அளவு பாக்க வந்தேன் சார். தப்பா எடுத்த அளவுல எதையும் தைக்க முடியாது. அந்த நீள ஒயரோட ரெண்டு முனையையும் ஒண்ணா ஒட்டிப் புடிங்க. மோட்டார் வேணாம்."

தாசில்தார் தலையசைக்கவே நடராசன் பிடித்தார். பூஜ்யத்தில் நிற்கவேண்டிய முள் அரை ஓமில் நின்றது. ஒன்றேகாலில் அரை போனால் முக்கால். கணக்கு எல்லோருக்கும் புரிந்தது.

"சாக்கோட எடை போட்டுட்டு அம்புட்டும் நெல்லுங்கறாரு," என்றாள் எல்லையம்மாள்.

நடராசன் முகத்தைத் துடைத்தார். "ஒயருல தடை இருக்கும், முனையில துரு இருக்கும், புடிக்கிற புடியில இருக்கும். இவ்வளவு சின்னத் தடைய யாராலயும் துல்லியமா சொல்ல முடியாது சார்."

"அப்ப அறிக்கையில எப்படிச் சொன்னீங்க?" என்றார் தாசில்தார்.

"செம்புதான்னும் நிரூபணம் ஆகலீங்களே," என்று மிராசுதார் குறுக்கே வந்தார்.

அதற்குத்தான் விண்ணரசி காத்திருந்தாள். நூல்கட்டையில் இருந்தது, தடை சரியாக முக்கால் ஓம் வரும்படி தையல் டேப்பால் அளந்து வெட்டிய செம்புக் கம்பி. பல்பு, மோட்டார் சுற்று, நூல்கட்டை மூன்றையும் கொட்டகையில் வரிசையாகக் கோக்கும்படி இளையபெருமாளிடம் சொல்லி, நடராசனின் நீள ஒயராலேயே கரையிலிருந்த பேட்டரியோடு இணைத்தாள்.

"ஒரே வாய்க்கால் தண்ணி ரெண்டு வயல் வழியா ஓடுற மாதிரி, ஒரே மின்சாரம் சார். ரெண்டுக்கும் தடை ஒண்ணுன்னா, வோல்ட்டும் ஒண்ணாத்தான் காட்டும். இந்த ஒயரு அதைச் சுமக்குது. வோல்ட்டு பாக்குறதுக்கு மட்டும் வேற ரெண்டு ஒயரு. அதுல மின்சாரம் ஓடுறதே இல்லேன்னு வச்சுக்கலாம். அதனால அது எத்தனை நீளமானாலும், கொஞ்சம் துரு இருந்தாலும் அளவு கெடாது. உங்க மீட்டரையே வோல்ட்டுக்குத் திருப்பி வைங்க. நீங்க எறங்க வேணாம், நெழல்லயே உக்காந்து முள்ளைப் படிங்க."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். வோல்ட் பார்க்கிற ஒயர்களை மோட்டார் சுற்றின் இரு முனையிலும் நேராக வைத்தாள்.

"படிங்க," என்றார் தாசில்தார்.

"ஒண்ணு புள்ளி ஏழு."

ஒயர்களை நூல்கட்டையின் முனைகளுக்கு மாற்றினாள். அலுமினியமாக இருந்திருந்தால் மோட்டாரின் தடை கூடுதல் என்பதால் இங்கே முள் அவ்வளவு தூரம் போகாது, ஒன்றைத் தாண்டியதும் நின்றுவிடும்.

நடராசன் மீட்டரை விரலால் தட்டிப் பார்த்தார்.

"படிங்க சார்," என்றாள் விண்ணரசி.

"ஒண்ணு புள்ளி ஏழு," என்றார், மீட்டருக்குச் சொல்வதுபோல.

மனு தள்ளுபடி என்று தாசில்தார் அங்கேயே எழுதினார். மிராசுதார் யார் முகத்தையும் பார்க்காமல் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போய்விட்டார். கூட்டிவந்த நிபுணரின் ஞாபகமே அவருக்கு இல்லை. பஸ் ரோடு வயலுக்கு அந்தப் பக்கம். நடராசன் சேற்றைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார்.

"இப்படியே எறங்குங்க சார், முழங்கால்தான்," என்றாள் எல்லையம்மாள், வழிகாட்டுகிற மரியாதையோடு.

இளையபெருமாள் காயிலைப் பழையபடி இணைத்து, பியூஸைச் செருகி, மோட்டாரைப் போட்டார். தண்ணீர் நாற்றங்காலுக்குப் பாய்ந்தது. ஷூவைக் கையில் பிடித்தபடி நிபுணர் வயலின் நடுவில் போய்க்கொண்டிருந்தார்.

அவ்வளவுதான், என் கண்ணுகளா. உங்கள் குதிரில் நெல் குறையாமல் இருக்கட்டும். உங்கள் அடுப்பு ஒரு வேளையும் ஆறாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டை அளக்க யார் வந்தாலும், இறங்கி வந்து, கிட்டே நின்று, சாக்கைக் கழித்து அளக்கிறவர்களாக வரட்டும். நன்றாக இருங்கள்.