இடது கைச் சதை

நோன்பிருப்பவர்கள் வீட்டுக்கு இரண்டாம் நாள் காலையில் கல்லீரலிலிருந்து ஆள் வருவார். பெல்சியா வீட்டுக்கும் பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டார். செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, கையில் தூக்குவாளியோடு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"இருந்த சீனியெல்லாம் நேத்தோட தீந்துபோச்சும்மா. இடது கைச் சதையைக் கொடுத்தீங்கன்னா காய்ச்சிச் சீனியாக்கிருவேன்."

பெல்சியா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பதினோரு மாதக் குழந்தை ஷெரின் நாளெல்லாம் குடியிருப்பதே அந்தக் கையில்தான். சதை போனால் பிள்ளை நழுவிவிடுமே.

"அண்ணாச்சி, என் எடை தொண்ணூத்தெட்டு கிலோ. இடுப்பைச் சுத்தி இவ்வளவு கொழுப்பு கிடக்கு. அதை விட்டுட்டுக் கையைக் கேக்கீங்களே?"

"கொழுப்பைக் காய்ச்சினா சீனி வராதும்மா. புளிச்ச கஞ்சிதான் வரும். இதயம் குடிச்சிரும். மூளை தொடாது. சீனிதான் வேணும்பாங்க. அவ்வளவு செல்லம்."

"யாராவது ஊட்டிப் பாத்தீங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார். "ஒல்லியானவங்க வீட்டுல இந்தப் பேச்சுக்கே நேரமிருக்காது. உங்க வீட்டுல கஞ்சிக்குக் குறைச்சலில்ல. மதியம் வரைக்கும் இருக்கேன், ஊட்டிப் பாருங்க."

அவர் இடுப்புக் கொழுப்பில் கொஞ்சம் எடுத்துக் காய்ச்சி, கிண்ணத்தில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். பெல்சியா மூளையைத் தலையிலிருந்து இறக்கி, ஜன்னலோரம் உட்காரவைத்து, ஷெரினின் துண்டைக் கழுத்தில் கட்டினாள். முதல் வாயை அது துப்பிவிட்டது. காக்காயைக் காட்டினாள். பார்த்தது, வாயைத் திறக்கவில்லை.

"அப்பாவுக்கு ஒரு வாய். அத்தைக்கு ஒரு வாய்."

உதட்டை இறுக்கிக்கொண்டது. அண்ணாச்சி கத்தியைத் துடைக்க ஆரம்பித்தார். பெல்சியா அடுத்த கரண்டியை எடுத்தாள்.

"சிஸ்டர் ஹில்டாவுக்கு ஒரு வாய்."

எட்டாம் வகுப்பில் கணக்கு எடுத்த சிஸ்டர். மூளை சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்கியது. அதற்கப்புறம் கிண்ணம் காலியாகும்வரை வாயை மூடவில்லை.

"பொழச்சுக்கிட்டீங்க," என்றார் அண்ணாச்சி. "ஆனா கொஞ்சம் சீனி இல்லாம அவங்களுக்கு ஆகாது. கையோரத்துல ஒரு சிட்டிகை மட்டும் எடுத்துக்கிடுதேன். பிள்ளையைத் தூக்க அது வேண்டாம்."

பெல்சியா கையை நீட்டினாள். அவர் கிள்ளி எடுத்து வாளியில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அவள் மூளையைத் தோளில் சாய்த்து முதுகில் தட்டினாள். பழுத்த அன்னாசி வாசத்தோடு ஓர் ஏப்பம் வந்தது. பிறகு தூங்கிவிட்டது. தொட்டிலுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, ஷெரின் ஒருக்களித்துப் படுத்து இடம் விட்டாள்.