பக்கத்தில் வராத பெயர்கள்

எக்செல் என்றால் ஷர்மினிக்குத் தண்ணி பட்ட பாடு. தெப்ராவ் பேக்டரியின் எச்.ஆர். ஆபீசில் எந்தக் கணக்கு இடித்தாலும் கடைசியில் அவள் மேசைக்குத்தான் வரும். அப்படிப்பட்டவளுக்கு வந்து வாய்த்தது பாருங்கள், இந்த வெள்ளிக்கிழமை.

பேக்டரியை மூடிவிட்டுப் பாசிர் கூடாங்கில் புதிதாகத் திறக்கிறார்கள். அங்கே வேலை வேண்டுமென்றால் கம்பெனியின் இணையப் பக்கத்தில் தன் பெயரைத் தேடி ‘சம்மதம்’ என்று தட்ட வேண்டும். வெள்ளி மாலைக்குள் தட்டாதவருக்கு வேலை இல்லை. பெயர்களை எக்செலிலிருந்து அந்தப் பக்கத்துக்கு வியாழக்கிழமை ஏற்றியவள் ஷர்மினி. தட்ட வேண்டியவர்களில் அவளுடைய அண்ணன் ரூபேந்திரனும் ஒருவன். அண்ணி பிரவீனாவுக்கு டயாலிசிஸ் ஓடுவது அவனுடைய கம்பெனி மெடிக்கல் கார்டில்தான்.

வெள்ளி மத்தியானம் சாப்பிட்டு வந்து கணக்குப் பார்த்தாள். எக்செலில் இருந்தவர்களில் பலர் பக்கத்தில் இல்லை. அலமாக், என்ன கூத்து இது என்று உட்கார்ந்தாள். நடுவில் காலி வரிசை இருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. கோப்பை வேறு வகையில் சேமித்து மறுபடி ஏற்றினாள். ‘வெற்றி’ என்று பச்சை எழுத்தில் வந்தது. பெயர்கள் மட்டும் வரவில்லை. விடுபட்டவர்களைத் தனியாகப் பிரித்து வரிசையில் போட்டாள். அத்தனையும் நம் தமிழ் ஆட்கள். மலாய்க்காரர் ஒருவர்கூட இல்லை, சீனர் ஒருவர்கூட இல்லை.

எந்தப் பாவி வேண்டுமென்றே எடுத்தான் என்றுதான் முதலில் நினைத்தாள். ஒருவரும் எடுக்கவில்லை. நம் ஆட்களின் அடையாள அட்டையில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ‘மகன்’ என்பதற்கு ஏ/எல் என்று வருமே, பெண்களுக்கு ‘மகள்’ என்பதற்கு ஏ/பி என்று, அந்தச் சாய்ந்த கோடுதான் வினை. ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கோப்பு உண்டாக்கித்தான் அந்தப் பக்கம் வேலை செய்கிறது. கோப்புப் பெயரில் அந்தக் கோடு வந்தால் அதற்கு ஆகாது, அந்த ஆளையே சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். வியாழக்கிழமை ஏற்றுவதற்கு முன்னால் ஷர்மினி தன் பெயரைப் போட்டுத்தான் சோதித்தாள். ஆபீசில் எல்லாரும் எழுதுகிற மாதிரி ஷர்மினி மணியம் என்று போட்டாள், ஏ/பி போடவில்லை. அது அழகாக வந்தது.

கோடுகளை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினாள். எல்லாரும் வந்தார்கள். ரூபேந்திரனும் வந்தான், பக்கத்திலேயே ‘சம்மதம்’ பொத்தானோடு.

மேனேஜர் சிவகணேசனிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் நல்ல மனிதர்தான். திங்கள் வரைக்கும் நேரம் கொடுப்பதாக உடனே எல்லாருக்கும் தகவல் அனுப்பினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“உங்க அண்ணன் காலையிலயே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டாரும்மா. அனுப்புறதுக்கு முன்னாடி நானா போறேன்னாரு. ஹெட் ஆபீஸும் ஏத்துக்கிச்சு. இனிமே என் கையில ஒண்ணும் இல்ல.”

“பேரு இல்லைன்னு யாருமே வந்து கேக்கலையா சார்?”

“ஒருத்தரும் கேக்கலம்மா.”

அதுதான் அவளுக்கு எரிந்தது. ஒரு சீனர் பெயர் விட்டுப்போயிருந்தால் காலையிலேயே ஆபீஸ் கதவை உடைத்திருப்பார்கள். நம் ஆட்கள் போனில் பார்த்தார்கள், பெயர் இல்லை, சரி, வழக்கம்போல நம்மைக் கழித்துவிட்டார்கள் என்று போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்கள்.

படிக்கட்டில் நின்று அண்ணனுக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணே. நான் இங்கதானே இருக்கேன்.”

“நீ அங்க இருக்கேன்னுதான் கேக்கல,” என்றான். “லிஸ்ட ஏத்துனது நீன்னு தெரியும். நம்ம ஆளுங்களக் கழிக்கிறது தெரிஞ்சும் நீ வாயத் தொறக்க முடியாம இருக்கேன்னு நெனச்சேன்லா. நான் வந்து கேட்டு, ஒனக்கும் வேல போயிட்டா?”

அவள் அழுவதை அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

“சரி, விடும்மா,” என்றான். “அண்ணியோட கார்டு எது வரைக்கும் செல்லும்?”

அதைச் சொல்ல அவள் எதையும் திறந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை.

“இந்த மாசக் கடைசி வரைக்கும் அண்ணே.”