காயாத சட்டை

கொடியிலிருந்து வெள்ளைச் சட்டையை இழுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள் சுகிர்தா. ஈரம். நேற்றுத் துவைத்தது. ஐப்பசி அடைமழையில் கும்மிடிப்பூண்டியில் எந்த வீட்டுத் துணிதான் காய்ந்தது? ராத்திரி போன கரண்ட் இன்னும் வரவில்லை. இஸ்திரிப் பெட்டியும் உதவாது.

முன்னறையில் யேசுதாஸ் வேட்டியும் பனியனுமாகப் படுத்திருந்தான். இரும்பு ஆலையில் நைட் ஷிஃப்ட் முடித்துக் காலையில் வந்தவன், நாற்காலியில் உட்கார்ந்து டீ கேட்டான். டம்ளரோடு அவள் வந்தபோது தலை சாய்ந்திருந்தது. அசதியில் தூங்குகிறான் என்று டீயை மூடி வைத்துவிட்டுப் பாத்திரம் துலக்கப் போனாள், பாவி.

"அக்கா, ஒரு நிமிசம் அடுப்ப பத்த வெச்சிக்கட்டா? சட்டைய காய வெக்கணும்."

கெங்கம்மாள் யேசுதாஸின் அக்கா. தம்பி ஞானஸ்நானம் எடுத்து சுகிர்தாவைக் கட்டியபோது சண்டை போட்டாள். பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் முதல் ஆளாக வந்து, பிரியாணியில் உப்பு இல்லை என்று சண்டை போட்டாள்.

"இன்னாடி பேசுற? பொணம் கெடக்குற ஊட்ல எவளாவது அடுப்பு மூட்டுவாளா? தெருவே பத்த வெக்காம டீக்கடைல வாங்கிக் குடிச்சிகினு கீது. உங்க சாமி ஒத்துக்கும். எனுக்கு ஆவாது."

"ஈரமா கீதுக்கா."

"போட்டுக்கப் போறவனுக்கு இன்னா தெரியப் போவுது."

சுகிர்தாவுக்குச் சுருக்கென்றது. யாருக்குத் தெரியாது? அவனுக்கா?

மழைக்காலம் முழுக்க, விடிகாலையில் இட்லிக் குண்டான் மூடிமேல் அவனுடைய யூனிஃபார்ம் சட்டையைப் பரப்பி வைப்பாள். அந்தச் சூட்டோடு மாட்டிக்கொண்டு, பித்தான்கூடப் போடாமல், இஞ்சி டீயோடு பின்வாசல் படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வான். தகர ஷீட்டில் மழை தடதடக்கும். நாளெல்லாம் உலைக்கு முன்னால் வேகிற மனுஷனுக்குச் சுடு சட்டை ஒரு கேடா என்று ஒருநாள் கேட்டாள்.

"அது கம்பெனி சூடு. இது ஊட்டு சூடு" என்றான்.

கூட வேலை செய்கிறவர்கள் ஓவர்டைம் பார்த்து மாடி கட்டியதை அவள் குத்திக்காட்டினால், "அவனுங்களுக்கு சுடு சட்டை கீதா?" என்பான். கோபமாகத்தான் பார்ப்பாள், சிரிப்பு வந்துவிடும். அவளும் படியில் ஒண்டிக்கொள்வாள். டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று விரட்டினால், "இரு, சூடு ஆறட்டும்" என்பான். இருந்த சுகமெல்லாம் அவ்வளவுதான். அது அவர்களுக்குப் போதுமாகத்தான் இருந்தது.

"அண்ணி, பாஸ்டர் வந்துகினு கீறாரு" என்றான் வாசலில் நின்ற ஸ்டீவன், யேசுதாஸோடு வேலை செய்கிறவன். "மழ வலுக்கறதுக்குள்ள கல்லறைக்குப் பூடணும். சீக்கிரம் ரெடி பண்ணிடுங்க."

சுகிர்தா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அணைந்து கிடந்த அடுப்பைப் பார்த்தாள். பிறகு சட்டையை வயிற்றோடு சுற்றி, அதன்மேல் புடவையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஈரம் பட்டு உடம்பு தூக்கிப் போட்டது. அழுகையில் நடுங்குகிறாள் என்று யாரோ துண்டைப் போர்த்திவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று. கைகளை வயிற்றில் அணைத்துக்கொண்டு குனிந்தே இருந்தாள். பாஸ்டர் நனைந்துகொண்டு வந்தார், பாட்டுப் பாடினார்கள், ஜெபம் பண்ணினார்கள். குளிர் போய்க் கதகதப்பு வந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இருந்தாள்.

"சட்டை எங்கடி?" என்றாள் கெங்கம்மாள்.

சுகிர்தா சுவர்ப் பக்கம் திரும்பி அதை உருவிக் கொடுத்தாள்.

"இன்னாடி இது, இப்பிடி கசக்கி..." என்று பிடுங்கிய கெங்கம்மாளின் கை அப்படியே நின்றது. சட்டையைத் தடவிப் பார்த்தாள். எட்டி அடுப்பைப் பார்த்தாள். பற்றவைத்த அடையாளம் இல்லை. சுகிர்தாவின் இடுப்பில் புடவை நனைந்து ஒட்டியிருந்தது.

கெங்கம்மாள் தம்பியின் தோளுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தாள்.

"மாட்டுடி" என்றாள். "ஆறிடப் போவுது."

சுகிர்தா மாட்டிவிட்டாள். பித்தான்களைப் போடாமல் கொஞ்ச நேரம் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.