அண்ணன் மஸ்கட்

அதுதான் சொல்கிறேனே, அன்றைக்கு போனை எடுத்தது அன்புசெல்வி இல்லை. சூப்பர்வைசர் சண்முகவேல்தான் எடுத்தார். அவளே எடுத்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. எப்போதும்போல ஓடிப்போய், கட்டிங் வேஸ்ட் மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்து நின்று, கொடுத்த பன்னிரண்டு நிமிடமும் அண்ணனோடு பேசிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்திருப்பாள்.

திருப்பூர் அருள்புரத்தில் அவள் வேலை பார்க்கிற பனியன் கம்பெனியில் வேலை நேரத்தில் கையில் போன் இருக்கக் கூடாது. காலையில் உள்ளே வந்ததும் எல்லோரும் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுவிட வேண்டும். பெட்டி சண்முகவேலின் மேசையில் இருக்கும். மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு பெல் அடித்ததும் எடுத்துக்கொள்ளலாம். அண்ணன் அந்தோணிராஜின் போனும் சனிக்கிழமை ஒன்றே காலுக்குத்தான் வரும். கோயம்புத்தூர் ஜெயிலில் அவன் இருக்கிற பிளாக்குக்கு அதுதான் முறை. எழுதிக் கொடுத்திருக்கிற நம்பருக்குத்தான் பேச முடியும். அவன் எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு நம்பர், தங்கச்சியுடையது. ஊரில் அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. அதனால் அம்மாவுக்கும் அவனுக்கும் நடுவில் இருந்தது இவள் ஒருத்திதான்.

அவன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். டெலிவரி வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஏற்றிய டி-ஷர்ட் பண்டல்களில் நாலைந்தை வழியிலேயே இறக்கி விற்றுவிட்டான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அவன் பக்கம் ஏதாவது நியாயம் இருக்குமா என்று அன்புசெல்வி ராத்திரி ராத்திரியாகத் தேடிப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

மஸ்கட் எங்கிருந்து வந்தது என்றால், அது இன்னும் கேவலம். கேஸ் ஆன புதிதில் பக்கத்தில் உட்கார்ந்து, தைத்து வந்த பனியன்களில் குறை தேடிப் பீஸ் பார்க்கிற நாகஜோதி சும்மா கேட்டாள், “என்ன புள்ள, ஒங்க அண்ணன ஆளையே காணோம்?” என்று. அன்புசெல்விக்கு எதிரே ஏற்றுமதிக்கு ஒட்டி வைத்த அட்டைப் பெட்டி நின்றது. மேலே கொட்டை எழுத்தில் மஸ்கட் என்று இருந்தது. “மஸ்கட் போயிருச்சுக்கா, டிரைவரா” என்று சொல்லிவிட்டாள். வாயில் வந்தது அவ்வளவுதான்.

பொய்க்கும் தீனி போட வேண்டியிருக்கிறதே. பொங்கலுக்கு புது பஸ் ஸ்டாண்டு கடையில் சென்ட் பாட்டிலும் பேரீச்சம்பழமும் வாங்கி வந்து, “அண்ணே குடுத்துவிட்டுச்சு” என்று கொடுத்தாள். நாகஜோதி மோந்து பார்த்தாள். “மஸ்கட்லயும் நம்ம பஸ் ஸ்டாண்டு வாசந்தான் அடிக்கும்போல” என்று சொல்லிச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். அன்றைக்கே ஜெயில் நம்பரை ‘அண்ணன் மஸ்கட்’ என்று பதிந்து வைத்தாள், யார் கண்ணிலாவது பட்டால் என்ன செய்வது என்று.

அந்தச் சனிக்கிழமை ஜெயிலில் என்ன காரணமோ முறையை மாற்றிவிட்டார்கள். பதினொன்றரை மணி, டீ குடித்து முடித்து எல்லோரும் உட்கார்ந்த நேரம். அந்த வாரம் பேக்கிங் செக்ஷனுக்குப் பொறுப்பாக ஒருத்தியைப் போடப்போகிறார்கள், ஸ்டோர் சாவி அவள் கையில்தான் இருக்கும் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அன்புசெல்வி பெயரும் அடிபட்டது. சரக்கு இருக்கிற அறையின் சாவி!

அப்போதுதான் போன் அடித்தது. சண்முகவேல் எடுத்துப் பார்த்தார்.

“அடடே, வெளிநாட்டுப் போனு! அம்மிணி, உன்ற அண்ணன், சீக்கிரம் வா, கட்டாயிரப் போவுது.”

அவள் மடியில் கிடந்த பீஸ்களைத் தள்ளிவிட்டு எழுவதற்குள் அவரே எடுத்து ஸ்பீக்கரையும் போட்டுவிட்டார். நல்ல எண்ணம்தான். “ஏனுங் மாப்ளே, மஸ்கட்ல வெயிலு எப்படிங்க இருக்குது?” என்று சத்தமாகக் கேட்டார். நாலைந்து பேர் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார்கள்.

“ஹலோ, ஜெயில்ல இருந்து பேசறோம். இது அன்புசெல்வி நம்பர்தானே? அண்ணன் அந்தோணிராஜ் பேசணும்கிறாரு.”

பக்கத்து லைனில் ஓவர்லாக் மெஷின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் செக்கிங் டேபிளில் அத்தனை பேருக்கும் கேட்டது. வார்டர் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் ஆசையாகக் கேட்டது, “எடுத்துருச்சா சார்? எந்தங்கச்சிதானே?”

அன்புசெல்வி நூல் வெட்டுகிற கட்டரைக் கையில் பிடித்தபடி போனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இந்த ஊரில் கடைக்காரரிடமும் கண்டக்டரிடமும் பேசுகிற அதே மரியாதையோடு சொன்னாள்:

“இல்லீங்க. ராங் நம்பருங்க. அப்படி இங்க யாருமில்லீங்க.”

அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

சண்முகவேல் போன் ஸ்கிரீனைப் பார்த்தார். ‘அண்ணன் மஸ்கட்’ என்று இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்தார். மறுபடியும் ஸ்கிரீனைப் பார்த்தார்.

“ராங் நம்பருங்களாமா” என்றார் பொதுவாக. “பீஸைப் பாருங்க, பீஸைப் பாருங்க.”

அவ்வளவுதான். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது அழுதிருப்பாள். மத்தியானம் நாகஜோதி பேசாமல் தன் டப்பாவில் இருந்த முட்டையில் பாதியைப் பிட்டு இவள் சோற்றில் வைத்தாள். திங்கட்கிழமை சண்முகவேல் ஸ்டோர் சாவியை இவள் முன்னால் வைத்தார்.

“அம்மிணி, இனி மஸ்கட் போனு எந்நேரத்துல வந்தாலும் வெளிய போயிப் பேசிக்கோ. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

அவள் தலை நிமிரவில்லை. எதைக் காப்பாற்றிக்கொள்ள அண்ணனை இல்லை என்றாளோ, அது அவள் சொல்வதற்கு முன்பே போய்விட்டிருந்தது. உண்மை தெரிந்தும் சாவி கிடைத்துவிட்டது. அப்படியென்றால் எதற்காகச் சொன்னாள்?

அடுத்த சனிக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. ஒன்றே காலிலிருந்து இரண்டு மணி வரை வேஸ்ட் மூட்டைக்குப் பின்னால் நின்றுவிட்டு, சாப்பிடாமலேயே உள்ளே போனாள். மூன்றாவது வாரம் கேஸ் பார்க்கிற வக்கீலம்மாவைக் கூப்பிட்டாள்.

“ஏம்மா, ராங் நம்பர்னு சொன்னா அவங்க என்ன பண்ணுவாங்க? லிஸ்ட்டுல இருந்து அடிச்சுட்டாங்க” என்றார் அவர். “மொதல் தடவை நான் கேட்டுச் சேத்துவிட்டேன். இப்ப கறாரா இருக்காங்க. சிம் யாரு பேர்ல இருக்கோ அவங்க ஆதார் காப்பியும் கையெழுத்தும் வேணும். உன் பேர்லதானே இருக்கு?”

இல்லை. அங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

திருப்பூருக்கு வேலைக்கு வந்த புதிதில் சிம் வாங்கப் போனபோது, கடைக்காரன் மெஷினில் அவள் ரேகை விழவே இல்லை. சொந்த ஊரில், சிவகங்கைப் பக்கம் செங்கல் சூளையில் நாலு வருடம் கல் எடுத்துப்போட்ட விரல்கள். பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். கூடப் போயிருந்த வீட்டுக்காரம்மா ரங்காத்தாள்தான் பொறுமை போய், “தள்ளு கண்ணு” என்று தன் கட்டைவிரலை வைத்தார். அன்புசெல்வி வாடகைக்கு இருக்கிற வரிசையில் லைன் வீடுகள் மொத்தமும் அவருடையவை. மஸ்கட் கதையை முழுசாக நம்பியவரும் அவர்தான்.

மறுநாள் காலை ரங்காத்தாள் மொட்டை மாடியில் வெயிலில் காயப்போட்ட தேங்காய்ப் பருப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். அன்புசெல்வி படியேறிப் போய் நின்றாள்.

“ஏன் சாமி, மூஞ்சி இப்படிக் கெடக்குது?”

“ஒரு கையெழுத்து வேணுமுங்க. உங்க பேர்ல சிம்மு வாங்குனோமில்லீங்க, அதுக்குங்க.”

“போன்காரன் கேக்கறானா?”

“இல்லீங்க. ஜெயில்ல கேக்கறாங்க.”

ரங்காத்தாளின் கை நின்றது. “எங்க?”

“அண்ணன் ஜெயில்ல இருக்கறானுங்க.”

“மஸ்கட்டு ஜெயில்லயா?”

“இல்லீங்க. கோயம்புத்தூருங்க. மஸ்கட்டுக்கே போகலீங்க.”

“அடக் கருமமே! எங்க சம்பந்தி ஊட்டுல வரைக்கும் சொல்லி வெச்சிருக்கறனே, எங்க லைன் ஊட்டுப் புள்ளையோட அண்ணன் மஸ்கட்டுல கப்பலாட்டம் காரு ஓட்டறான்னு!” ரங்காத்தாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “என்ன பண்ணுனான்? கொலகில இல்லையே?”

“இல்லீங்க. வேன்ல ஏத்துன சரக்கத் திருடி வித்துட்டானுங்க.”

“ம்.” பருப்பை இரண்டு தடவை திருப்பினார். “அதுக்கு இப்ப என்ற பேரு ஜெயிலு நோட்டுல ஏறோணுமா? எங்கூட்டு ஆம்பளைங்களே போலீஸ் டேசன் வாசலைப் பார்த்ததில்ல. பொம்பள நானு போயி ஏறிக்கறனா?”

“சிம்மு உங்க பேர்லதானுங்களே இருக்குது.”

“செரி, இத்தன நாளும் பேசிட்டுத்தான இருந்திருக்கற? இப்ப மட்டும் ஏன் நம்பரை எடுத்துப்போட்டாங்க?”

இதற்குச் சொல்ல அன்புசெல்வி ஒரு பதிலோடுதான் வந்திருந்தாள். டவர் கிடைக்கவில்லை, போன் ரிப்பேர், ஏதோ ஒன்று. ஆனால் ஒரு வருடமாக ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதில் அவளுக்கே மூச்சு முட்டிப்போயிருந்தது.

“நான்தானுங்க ராங் நம்பருன்னு சொல்லிப்போட்டேன். கம்பெனில எல்லாரும் இருந்தாங்க. ஸ்பீக்கர்ல இருந்துதுங்க. அப்படி யாருமில்லைன்னு சொல்லிப்போட்டேனுங்க.”

திருட்டைக் கேட்டபோது மாறாத முகம் இப்போது மாறியது. ரங்காத்தாள் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“கூடப் பொறந்தவனையா?”

சத்தமே போடவில்லை. சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டார். அன்புசெல்விக்கு மாடியிலிருந்து குதித்துவிடலாம்போல இருந்தது.

ரங்காத்தாள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். ஆதார் காப்பியைக் கொண்டுவந்து, கண்ணாடியைத் தேடிப் போட்டு, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். கீழே ‘ஜெயில் போனுக்கு மட்டும்’ என்று கோணல்மாணலாக எழுதினார்.

“எழுதிப்போடறது நல்லது. நாளைக்கு என்ற பேர்ல வேற எவனாச்சும் எதையாச்சும் வாங்கிப்போடுவான்.” நீட்டிவிட்டு, முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார், “வெயில் ஏறுது. கம்பெனிக்குக் கெளம்பு.”

நம்பர் மறுபடி ஏறுவதற்கு இன்னும் மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அன்புசெல்வி ஒரே வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகினாள். ‘அண்ணே, அன்னைக்கு எடுத்தது நான்தாண்ணே.’ பஸ்ஸில் சொன்னாள், குளிக்கும்போது சொன்னாள், ஸ்டோர் பூட்டைத் திறக்கும்போது சொன்னாள். எப்படியாவது அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும். அவன் வைதாலும் பரவாயில்லை, வைதால்தான் நல்லது.

சனிக்கிழமை, ஒன்றே கால். போன் அடித்ததும் மூட்டைக்குப் பின்னால் ஓடினாள்.

“அன்புசெல்வியா?”

“ஆமா சார், நான்தான். அன்புசெல்விதான் சார். தங்கச்சிதான் சார்.”

ரிசீவர் கைமாறுகிற சத்தம் கேட்டது.

“செல்வி! என்ன புள்ள, எப்படி இருக்க? அம்மா எப்படி இருக்கு? கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கிக் குடுத்தியா?”

“நல்லா இருக்குண்ணே. குடுத்தேண்ணே.”

“நான் இங்க எளச்சுக் கெச்சலாத்தான் ஆயிருக்கேன், பயப்படாத. ஞாயித்துக்கிழமை கோழி போட்டாக. தோட்ட வேலைக்கு எழுதிக் குடுத்துருக்கேன். நீ ஒழுங்காச் சாப்புடுறியா?”

“அண்ணே, அன்னைக்கு...”

“ஏய், அத விடு, அத விடு” என்றான் அந்தோணிராஜ் அவசரமாக. “அன்னைக்கு சார் நம்பர மாத்தி அமுக்கிட்டாரு. இங்கயும் ஸ்பீக்கர்லதான் போட்டாக. யாரோ இந்த ஊருப் பொண்ணு எடுத்து, ‘இல்லீங்க, ராங் நம்பருங்க’ங்குது. நம்ம பக்கம் யாரு புள்ள இப்படிப் பேசுறா? நான் அப்பவே சொல்லிட்டேன், சார் இது எந்தங்கச்சி இல்ல சார்னு. அவருதான் கேக்காம லிஸ்ட்ல அடிச்சுட்டாரு.” சிரித்தான். “பாவம், யாரு பெத்த புள்ளையோ. ஜெயில்னதும் பயந்துருச்சு. குரலே நடுங்குச்சு.”

அன்புசெல்வி வாயைத் திறந்தாள். மூன்று வாரமாகப் பழகிய வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது.

“ஆமாண்ணே” என்றாள். “மாத்தித்தான் போட்டிருப்பாரு.”

“அதான் சொல்றேன்” என்றான் அவன். ஜெயில் போனில் ஒவ்வொரு நொடியும் எண்ணிக் கொடுப்பது, அதை இரண்டு பேரும் சும்மா போகவிட்டார்கள். பிறகு அவன் அம்மாவின் கண்ணைப் பற்றி மறுபடியும் கேட்டான், அவள் மறுபடியும் அதே பதிலைச் சொன்னாள், நேரம் முடிந்தது.

எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. தூக்கி வளர்த்த தங்கச்சியின் குரலை, வாராவாரம் காத்துக் கிடந்து கேட்கிற குரலை, நாலு ‘ங்க’ போட்டுப் பேசிவிட்டால் ஒரு அண்ணனுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? ஒருவேளை நிஜமாகவே தெரியாமல் போயிருக்கலாம், அங்கே அவ்வளவு இரைச்சல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் ‘அண்ணே, அன்னைக்கு’ என்று ஆரம்பித்த உடனே அவன் ஏன் அப்படி அவசரமாக மறித்தான்? சொல்லுங்களேன், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அவனுக்குத் தெரியும்தானே?