சாட்சியின் வலது கை

வழக்குப் போட்டவள் அம்மா. துணித் தொழிற்சாலையில் இஸ்திரி போடுபவள். மூன்று வருடங்களுக்கு முன், விடுப்பு கேட்ட குற்றத்துக்காக, மேற்பார்வையாளன் அவளுடைய வலது கையைப் பிடித்துச் சூடான இஸ்திரிப் பெட்டியில் அழுத்தினான். அப்போது அறையில் இருந்தது அவர்கள் இருவர் மட்டுமே. ஒருத்தி போன மாதம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டாள். மற்றவன் கூண்டில் நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

வாரிசு என்ற முறையில் மகள் வழக்கை நடத்தலாம் என்று நீதிபதி அனுமதித்திருந்தார். அவளுக்குப் பாதி உயிர் திரும்பியிருந்தது.

"சாட்சியும் நீயே சொல்லிடும்மா. நடந்ததைத் தலைகீழா ஒப்பிப்பியே," என்றார் அவளுடைய வக்கீல். அவருடைய குமாஸ்தா நீட்டிய வாக்குமூலத்தில் வராந்தாவில் நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். படித்துப் பார்க்கட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை.

உள்ளே அவள் சாட்சி சொல்ல ஏறியதும் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"ஆமா சார்."

"'என் வலது கை வெந்து தோல் உரிந்தது'ன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க. கையைக் கொஞ்சம் காட்டுங்க."

குமாஸ்தா அம்மாவின் பழைய வாக்குமூலத்தை அப்படியே நகலெடுத்து, பெயரையும் வயதையும் மட்டும் மாற்றியிருந்தார்.

அவள் கையை நீட்டினாள். ஒரு கீறல்கூட இல்லை.

"அடேங்கப்பா! என்ன மருந்து போட்டீங்க? எங்க வீட்டம்மாவுக்கும் சொல்லணும்."

பின் பெஞ்சில் சிரிப்பு. அவளுக்குக் காது மடல் கொதித்தது. அவளுடைய வக்கீல் வழக்குக் காகிதக் கட்டுக்குள் எதையோ தேடினார்.

நீதிபதி சிரிக்கவில்லை. "உங்களுக்கு நேரா தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்கம்மா."

"அம்மா சொன்னாங்க, அவன் வந்து..."

"அம்மா சொன்னது வேண்டாம். நீங்க பார்த்தது."

"அன்னிக்குக் கையில கட்டோட வந்தாங்க. மூணு மாசம் நான்தான் ஊட்டிவிட்டேன், தலை வாரிவிட்டேன். தூக்கத்துல கையை உதறுவாங்க சார். உதறி உதறி எழுந்து உக்காருவாங்க."

நீதிபதி தட்டச்சர் பக்கம் திரும்பி, அவள் சொன்னதாக எழுத வேண்டியதைச் சொன்னார். "காயத்தைப் பார்த்தேன். காயம் எப்படி ஏற்பட்டது என்பதை நான் நேரில் பார்க்கவில்லை."

தாள் அவள் முன் வந்தது. இரண்டு தடவை படித்தாள். பொய் என்று அடித்துச் சொல்ல அதில் ஒரு சொல் இல்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

எதிர்க் கூண்டிலிருந்த மேற்பார்வையாளன் தன் வக்கீலிடம் குனிந்தான். "சார், மத்தியான ஷிஃப்டுக்குப் போயிடலாமா?"