ஈயக்கோட்டையில் இருமுகிறவர்கள்

ஈயக்கோட்டைக்குப் புதிதாக வருகிறவர் முதலில் படிக்க வேண்டிய வாக்கியம் இது: “இவ்விதிகள் கோட்டைக்குள் மட்டுமன்றி, மனித வாழ்வின் சகல துறைகளுக்கும் பொருந்தும்.”

இதை எழுதியவர், லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் புகார் மேசையில் உட்கார்ந்திருப்பவர். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு போன் செய்கிறவர்களிடம், “மெக்கானிக் கிளம்பிட்டார் சார், பக்கத்துல வந்துட்டார்” என்று சொல்வது அவர் வேலை. மெக்கானிக் அந்த நேரத்தில் வேறொரு கட்டடத்தில் வேறொரு லிஃப்டின் தலைமேல் நின்றுகொண்டிருப்பார். கிளம்பாதவரைக் கிளம்பியதாகச் சொல்லிச் சொல்லியே அவருக்குத் தலை நரைத்திருந்தது. அடுத்தவர் சார்பில் பேசுவது மூச்சுவிடுவது போலப் பழகிப்போயிருந்தது.

ஈயக்கோட்டை என்பது முன்பு டிவியில் வந்த ஒரு தொடர். ராஜா குதிரை ஏறுவதற்காக ஒரு காலை அங்கவடியில் வைத்த இடத்தில், அந்த டிவி நிறுவனத்தையே இழுத்து மூடிவிட்டார்கள். மற்றவர்கள் வேறு தொடர் பார்க்கப் போனார்கள். சில ரசிகர்களுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. இணையத்தில் தாங்களே ஒரு தளம் கட்டி, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, மீதிக் கதையை எழுதி விளையாட ஆரம்பித்தார்கள். “வாளை உருவினேன்” என்று ஒருவர் எழுதினால், “விலகிக்கொண்டேன்” என்று மற்றவர் எழுதுவார். விளையாட்டு அவ்வளவுதான். ராஜா வேஷம் யாருக்கு என்பதில் மட்டும் முடிவே ஏற்படவில்லை. அதனால் ராஜா இன்னமும் ஒரு கால் அங்கவடியிலும் ஒரு கால் தரையிலுமாக நிற்கிறார். பாவம், குதிரை.

புகார் மேசைக்காரர் அங்கே தலைமை அமைச்சர். அலுவலகத்தில் ஜன்னலைத் திறக்கவே மூன்று பேரிடம் கேட்க வேண்டிய மனிதர், கோட்டையில் போர் அறிவிப்பார். புதியவர்களுக்கான வழிகாட்டியை அவர்தான் எழுதினார். எழுதி முடித்தார் என்று சொல்ல முடியாது, எழுதிக்கொண்டே இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தளத்தைக் கட்டிக்கொடுத்த மச்சினன் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தான்.

“மாமா, இந்த வருஷம் எத்தனை புது ஆளு உள்ள வந்திருக்காங்க தெரியுமா?”

“எண்ணிக்கை முக்கியமில்ல மச்சான். தரம்.”

“ஒருத்தர் வந்தாரு. அவரும் பாத்திரக் கடைன்னு நினைச்சு வந்தவரு. விலை கேட்டுட்டுப் போயிட்டாரு. வழிகாட்டியைப் பாதி படிக்கறதுக்குள்ள எல்லாரும் ஓடிடறாங்க மாமா. எட்டு வகை வணக்கம் எதுக்கு? டைப் பண்றவன் எப்படிக் குனிஞ்சா உங்களுக்கு என்ன?”

“அது மரபு.”

“ஒண்ணுமே தெரியாத ஒருத்தரைப் படிக்கச் சொல்லுங்க. எங்க தடுக்குதுன்னு தெரிஞ்சிடும். அக்கா படிக்கட்டுமே. அக்கா கண்ணுல இருந்து ஒரு கீறல் தப்பிக்குமா?”

அக்கா, அதாவது அமைச்சரின் மனைவி, மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் செய்யும் ஆலையில் பரிசோதனைப் பிரிவில் இருப்பவர். லென்ஸை விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பிப் பார்த்து, கீறல் இருக்கும் இடத்தில் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைப்பது அவர் வேலை. அந்த ஆலை ரயிலில் நாலு மணி நேரம் தள்ளி இன்னொரு ஊரில் புதுக் கிளை திறக்கிறது. அங்கே பரிசோதனைப் பிரிவையே அமைத்து நடத்த வருகிறீர்களா என்று மேனேஜர் வெள்ளிக்கிழமை கேட்டிருந்தார். அடுத்தவர் அறுத்துக் கொடுத்த லென்ஸில் கீறல் தேடியே காலம் போனவருக்கு, மேசை எங்கே, விளக்கு எங்கே, யாரை எங்கே உட்கார வைப்பது என்று தானே முடிவு செய்யும் வேலை. மனைவிக்கு ஆசைதான். வீட்டில் சொன்னபோது அமைச்சர் போர் நிலவரம் தட்டிக்கொண்டே “பார்ப்போம்” என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது மனைவி, மச்சினன் அச்செடுத்துக் கொடுத்த வழிகாட்டியும் சிவப்புப் பென்சிலுமாக உட்கார்ந்தார். முதல் பக்கத்திலேயே அம்மை போட்டது போல ஆயிற்று.

“சகல துறைகளுக்கும் பொருந்தும்னு இருக்கே. மெய்யாவா?”

“அப்படி எழுதினாத்தான் ஒரு கனம் இருக்கும்.”

“எழுதினா எழுதினதுதானே? சரி. ஏழாவது விதி. ‘ஒருவரின் பாத்திரம் என்ன சொல்லும், என்ன செய்யும் என்பதை அவரே எழுதவேண்டும், பிறர் எழுதலாகாது.’ இது நல்லா இருக்குங்க. யாரு எழுதினது?”

“நான்தான்,” என்று அமைச்சர் நாற்காலியில் நிமிர்ந்தார். “அதுதான் இந்த விளையாட்டோட உயிர்நாடி. இல்லன்னா ஆளாளுக்கு, ‘நான் வெட்டினேன், நீ செத்துட்ட’ன்னு எழுதிடுவான்.”

“அதுக்குக் கீழே ஒரு விதிவிலக்கு இருக்கே. ஒரு நாள் பூரா பதில் எழுதாதவருக்காக மத்தவங்க ‘தீங்கற்ற அசைவு’ ஒண்ணு எழுதலாம்னு. அப்படின்னா?”

“கதை நின்னு போயிடக்கூடாதுல்ல. உட்கார்ந்தார், தும்மினார், இருமினார். இந்த மாதிரி.”

மச்சினன் அரசவை மண்டபத்தைத் திறந்து காட்டினான். ஆட்டத்தை விட்டு எப்போதோ போய்விட்டவர்களின் பாத்திரங்கள் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தன. அமைச்சர் தினமும் காலையில் காபியோடு வந்து, ஒவ்வொருவரையும் மறக்காமல் இரும வைத்திருந்தார். ஒருவருக்குக் கல்யாணமாகிக் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது, இங்கே இருமிக்கொண்டிருக்கிறார்.

“அக்கா, இது அரசவை இல்ல. ஆஸ்பத்திரி வராந்தா.”

மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனாலும் சோதனை என்றால் முழுதாகச் செய்கிறவர் என்பதால், அன்று சாயங்காலமே விதிப்படி ஒரு பாத்திரம் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கோட்டை வாசலில் விளக்குத் துடைப்பவள். புதியவர்கள் வாசலில்தான் தொடங்க வேண்டும். அரசவையில் கேட்டாலொழிய வாய் திறக்கக்கூடாது. “விளக்கைத் துடைத்தேன்” என்று எழுதிவிட்டு, ரொட்டி வாங்கக் கடைக்குப் போனார். போனை மேசையிலேயே வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் கூப்பிட்டார். அமைச்சர் எடுத்தார். இரண்டு நிமிடம் பேசினார். ரொட்டி வந்தது, சாப்பிட்டார்கள், பேச்சு வேறெங்கோ போயிற்று.

திங்கட்கிழமை மனைவி தானாகவே மேனேஜர் அறைக்குப் போய், “நான் போறேன் சார்” என்றார்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். “உங்களுக்கு இஷ்டமில்லைன்னு வீட்ல சார் சொன்னாரே. குடும்பம் இருக்கு, விட்டுட்டு வர மாட்டாங்கன்னார்.”

“எப்ப சொன்னார்?”

“நேத்துதான். இப்ப நீங்க ஒண்ணு சொல்றீங்க, அவர் ஒண்ணு சொல்றார். நாளைக்குப் போய்ச் சேர்ந்தப்புறம் வீட்ல தகராறுன்னு திரும்பி வந்தா என் பேர் கெடும். நாளைக்குக் காலைல எட்டு மணிக்குப் போன் பண்றேன். ரெண்டு பேரும் ஒரே வார்த்தையா சொல்லுங்க. இல்லன்னா அடுத்த ஆள் பேரை எழுதி அனுப்பிடுவேன்.”

மேனேஜர் மரியாதையான மனிதர்தான். ஆனால் ஒரு பெண்ணின் வாயிலிருந்து வரும் வார்த்தைக்கு இன்னொரு வாய் முத்திரை குத்தவேண்டும் என்பது அவர் ஆலையின் தரக்கட்டுப்பாடு.

சாயங்காலம் வீட்டில் மனைவி நேராகவே கேட்டார். “எனக்கு இஷ்டமில்லைன்னு நான் எப்பங்க சொன்னேன்?”

“நீ ஒண்ணுமே சொல்லலையே. வெள்ளிக்கிழமையில இருந்து வாயே திறக்கல. அவர் லைன்ல நிக்கிறார். யாராவது ஏதாவது சொல்லணும்ல?”

“அதனால?”

“உன் மனசு எனக்குத் தெரியாதா? குடும்பம்னு ஒண்ணு இருக்கில்ல.”

ஒரே மகன் படிப்புக்காக விடுதியில் இருந்தான். ஆகவே குடும்பம் என்று அவர் குறிப்பிட்டது தன்னையும் வாஷிங் மெஷினையும்.

“நாளைக்குக் காலைல போன் வரும்போது என்ன சொல்லப் போறீங்க?”

“நீ கவலைப்படாத. நான் பேசிக்கிறேன்.”

இதற்குமேல் பேசிப் பயனில்லை என்று மனைவிக்குத் தெரிந்தது. லிஃப்டுக்குள் நிற்பவர்கள் தினமும் கேட்கும் குரல் அது. மனைவி உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்தார். வழிகாட்டியின் கடைசி விதியில் நேற்று அவர் சிவப்புப் புள்ளி வைக்கவில்லை: “எந்தப் புதியவரும் எவர்மீதும், தலைமை அமைச்சர்மீதே ஆயினும், முறையிடலாம். அவை அன்றே கூடும்.” இதுவும் கனத்துக்காக எழுதப்பட்டதுதான். அதுவரை யாரும் முறையிட்டதில்லை. விளக்குத் துடைப்பவள் முறையிட்டாள்.

அவை கூடியது. அவை என்றால் அமைச்சரைத் தவிர இரண்டு பேர், இரண்டு ஊர்களில். படைத்தளபதி, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். அரண்மனையில் விஷம் வைக்கும் பெண்மணி, வெளியே பல் டாக்டர். செய்தி கேட்டு ஓடிவந்த மச்சினன் எல்லோரையும் போனில் இணைத்து ஸ்பீக்கரில் போட்டான். மனைவி நடந்ததைச் சொன்னார். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

“ஆட்சேபிக்கிறேன்,” என்றார் அமைச்சர். “இது வீட்டு விஷயம். அவைக்கு அதிகாரம் கிடையாது.”

“சார், முதல் வாக்கியத்தைப் படிங்க,” என்றார் பல் டாக்டர்.

“அது ஒரு அலங்காரத்துக்காக எழுதினது டாக்டர்.”

“எட்டு வகை வணக்கமும் அலங்காரம்தானா? நான் ஆறு மாசம் கஷ்டப்பட்டு மனப்பாடம் பண்ணியிருக்கேன்.”

அமைச்சர் வழியை மாற்றினார். “சரி, விதிப்படியே வாங்க. விதிவிலக்கு இருக்கு. ஒரு நாள் முழுக்க அவங்க பதில் சொல்லல. அவங்களுக்காக நான் ஒரு தீங்கற்ற அசைவு செஞ்சேன்.”

இங்கேதான் தளபதி தொண்டையைச் செருமினார். நாற்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே பஸ் ஓட்டுகிறவர், நிதானம் கைவந்தவர்.

“தலைவரே, ஒரு சந்தேகம். பதில் சொல்லலைன்னா, நீங்க கேட்டிருக்கணும்ல? கேட்டீங்களா?”

அமைச்சர் வழிகாட்டியின் தாள்களைப் புரட்டினார்.

“கேக்கல,” என்றார் மனைவி. “பார்ப்போம்னார்.”

“அப்ப பதில் சொல்லாம இருந்தது இவங்க இல்ல, நீங்க. இன்னொண்ணு. இருமல் தீங்கற்றது, ஒத்துக்கறேன். இருமினா பஸ் நிக்காது. ‘வரமாட்டாங்க’ன்னு சொன்னா பஸ் இவங்களை விட்டுட்டுப் போயிடுது. அது எப்படித் தலைவரே இருமல் ஆகும்?”

“உட்காருறது மாதிரின்னு வச்சுக்கலாம்,” என்றார் அமைச்சர், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“உட்கார்ந்தவங்க எந்திரிக்கலாம் சார்,” என்றார் பல் டாக்டர். “நான் ஒருத்தர் பல்லைப் பிடுங்கிட்டு, அவர் தூங்கிட்டிருந்தார், அவருக்காக ஒரு சின்ன அசைவு செஞ்சேன்னு சொல்ல முடியுமா?”

மச்சினன் மேசைக்குக் கீழே குனிந்து எதையோ தேடுவது போலச் சிரித்தான்.

தீர்ப்பு வர நேரமாகவில்லை. ஏழாவது விதியை மீறியவர் புதியவராக மறுபடி வாசலில் தொடங்க வேண்டும் என்று வழிகாட்டியே சொல்லியிருந்தது. தண்டனையும் அவரே எழுதியதுதான். போர் அறிவிக்கும் அதிகாரம் தளபதிக்குப் போயிற்று. மச்சினன் ஒரு பொத்தானை அழுத்தினான். தலைமை அமைச்சர் என்ற பட்டம் இருந்த இடத்தில் “புதியவர்” என்று சின்ன எழுத்தில் வந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டின்போது உப்பு வேண்டுமா என்று மனைவி கேட்டதற்கு, வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

காலை எட்டு மணிக்குப் போன் வந்தது. மனைவி ஸ்பீக்கரில் போட்டு, மேசை நடுவில் வைத்தார்.

“நான் போறேன் சார். நேத்து சொன்னதுதான்,” என்றார் மனைவி.

“சரிம்மா. வீட்ல சார் இருக்காரா? சார், நீங்க சொல்லுங்க. அனுப்பறீங்களா?”

அவர் வாயைத் திறந்தார். இருபது வருடப் பழக்கம் அங்கே தயாராக நின்றுகொண்டிருந்தது. பிறகு இருமினார். உண்மையான இருமல்தான்.

“சார்?”

“அவங்க என்ன செய்வாங்கன்னு நான் எழுதக்கூடாது சார்.”

“என்னது? எழுதக்கூடாதா?”

“சொல்லக்கூடாதுன்னு சொல்ல வந்தேன். ஞாயித்துக்கிழமை நான் சொன்னது தப்பு. அவங்களைக் கேக்காம சொன்னேன். இப்ப அவங்களே சொல்லிட்டாங்கல்ல, அதுதான் சார் பதில்.”

ஒரே வார்த்தையாகச் சொல்லுங்கள் என்று கேட்ட மேனேஜருக்கு, ஒரு வாய் மட்டுமே போதும் என்ற பதில் எந்தக் கட்டத்தில் அடங்கும் என்று தெரியவில்லை போலும். “சரி சரி, பேரை அனுப்பிடறேன்” என்று வைத்துவிட்டார்.

மனைவி போன மாதமே புதுக் கிளையில் சேர்ந்துவிட்டார். சனிக்கிழமை ரயிலில் வருகிறார். வராத வாரம் இவர் போகிறார். வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதற்கு மச்சினன் ஒரு வழிகாட்டி எழுதிக்கொடுத்தான், மூன்றே வரியில். கோட்டையின் வழிகாட்டியும் இப்போது அரைப் பக்கம். சிவப்புப் புள்ளி வைத்த எல்லாம் போய், முதல் வாக்கியமும் வணக்கங்களும் போய், ஏழாவது விதி தன் விதிவிலக்கோடு முதலாவதாக வந்திருக்கிறது. பதினோரு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் ராஜாவைக் குதிரையில் ஏற்றிவிடலாமா என்று கேட்டு, அவையில் பெரிய ரகளை நடக்கிறது.

அவர் இன்னும் வாசலில்தான். பக்கத்தில் விளக்குத் துடைப்பவள் நிற்கிறாள். புதுக் கிளையில் வேலை அதிகம். அவள் நாலு நாளாக எதுவும் எழுதவில்லை. விதிவிலக்குப்படி அவளுக்காக ஏதாவது எழுத அவருக்கு உரிமை உண்டு. “விளக்குத் துடைப்பவள் இருமினாள்” என்று தட்டினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழித்துவிட்டுப் போனை எடுத்தார்.

“என்னங்க, இந்த நேரத்துல? ஷிப்ட்ல இருக்கேன்.”

“ஒண்ணுமில்ல. உன் ஆளு நாலு நாளா சும்மா நிக்குது. இருமலாமான்னு கேக்கலாம்னு...”

அந்தப் பக்கம் யாரிடமோ, அந்த விளக்கைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்து என்று மனைவி சொல்வது கேட்டது.

“வேணாம்,” என்றார் பிறகு. “நிக்கட்டும். சனிக்கிழமை வந்து நானே எழுதிக்கிறேன்.”

“சரி,” என்றார் அவர்.